உண்ணிக்கடியைப் புரிந்துகொள்ளுதல்: உடலில் ஒட்டிய உண்ணி என்ன செய்கிறது?

உண்ணிக்கடியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. நாய்க்கும் மாட்டுக்கும் இருப்பதுதானே, பிய்த்தெறிந்தால் போயிற்று என்பது ஒன்று. எங்கோ ஒருவர் உண்ணி கடித்துக் காய்ச்சலில் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, கடித்த நொடியிலேயே நஞ்சு ஏறிவிட்டதென நடுங்குவது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டின் அடியிலும் ஒரே தவறு இருக்கிறது. தேள் கொட்டுவதைப் போல, உண்ணி கடிப்பதும் ஒரு நொடியில் நடந்து முடிகிற செயல் என்று இருவருமே எண்ணிக்கொள்கிறார்கள்.

கால்நடை வளர்ப்போரின் பேச்சு இந்த இடத்தில் மிகத் துல்லியமானது. தேள் கொட்டியது, பாம்பு தீண்டியது, கொசு கடித்தது என்று சொல்பவர்கள், உண்ணியைப் பற்றி மட்டும் 'உண்ணி பிடித்திருக்கிறது' என்பார்கள். நாள்கணக்கில் நீடிக்கும் ஒரு நிலைக்கு அதுவே பொருத்தமான வினைச்சொல். அந்தப் பிடித்திருத்தலின்போது என்ன நடக்கிறது, அதனால் மனிதருக்கு எப்போது ஆபத்து, எப்போது இல்லை என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## பெயரில் தொடங்கும் குழப்பம்

'உண்ணி' என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். மாட்டின் காதுமடலில் சாம்பல் நிற மணி போலத் தொங்குவதும் உண்ணி. மனிதத் தோலில் முளைக்கும் சிறு மருவுக்குப் பாலுண்ணி என்று பெயர். நாயின் மயிருக்குள் துள்ளி மறையும் தெள்ளுப்பூச்சியையும் அவசரத்தில் உண்ணி என்று சொல்லிவிடுகிறோம். செய்திகளில் அடிக்கடி வரும் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரோ பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயைக் குறிக்கிறது. அந்நோயைப் பரப்புவது உண்ணியின் உறவினமாகிய சிற்றுண்ணி. அதிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் குஞ்சு. ஆகவே 'உண்ணிக் காய்ச்சல்' என்று கேள்விப்பட்டதும் நாயின் காதைத் தேடுகிறவர், தவறான உயிரினத்தைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இக்கட்டுரையில் உண்ணி என்பது, விலங்குகளின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை மட்டுமே உணவாகக் கொள்ளும், வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள எட்டுக்கால் உயிரியைக் குறிக்கும். அது பூச்சியன்று. பேன், தெள்ளு, மூட்டைப்பூச்சி ஆகியவை ஆறு கால்கள் கொண்ட பூச்சிகள். உண்ணியோ சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. உலகில் ஏறத்தாழ 900 வகை உண்ணிகள் அறியப்பட்டுள்ளன. முதுகில் ஓடு போன்ற தகடு உடையவை கடின உண்ணிகள். தகடின்றிச் சுருங்கிய தோற்பை போல இருப்பவை மென் உண்ணிகள். நமக்கு வழக்கமாகத் தட்டுப்படுபவை கடின உண்ணிகளே என்பதால், வேறாகக் குறிப்பிடாத இடங்களில் நான் அவற்றையே சொல்கிறேன்.

## மூன்று வேளை உணவு, மூன்று வீடு

முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்களே இருக்கும். ஒரு முறை இரத்தம் குடித்துத் தோலுரித்ததும் எட்டுக் கால்களுடன் இளம் உண்ணியாகிறது. மீண்டும் ஒரு முறை குடித்துத் தோலுரித்து முதிர்ந்த உண்ணியாகிறது. முதிர்ந்த பெண் கடைசியாக ஒரு முறை வயிறு புடைக்கக் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துபோகிறது. ஆக, கடின உண்ணி தன் முழு வாழ்நாளிலும் பெரும்பாலும் மூன்றே வேளைதான் உண்கிறது. இரண்டு வேளைகளுக்கு இடையே பல மாதங்கள் கடந்துவிடலாம்.

பெரும்பாலான இனங்களில் இம்மூன்று வேளையும் மூன்று வெவ்வேறு விலங்குகளிடம் நடக்கின்றன. குஞ்சாக இருக்கும்போது ஒரு எலி, அடுத்து ஒரு பறவையோ முயலோ, கடைசியில் மானோ மாடோ மனிதரோ. மூன்று வீடுகளில் தங்கிச் செல்லும் வழிப்போக்கனை எண்ணிக்கொள்ளலாம். முதல் வீட்டில் அவன் ஆடையில் ஒட்டிய தூசு இரண்டாம் வீட்டில் உதிர்கிறது. அதுபோல, எலியின் இரத்தத்தோடு உண்ணிக்குள் போன நோய்க்கிருமி, அடுத்த வேளை உணவின்போது வேறொரு உடலுக்குள் இறங்குகிறது. இவ்வாறு ஓர் உயிரிடமிருந்து கிருமியைப் பெற்று மற்றோர் உயிருக்குக் கொண்டுசேர்க்கும் சிற்றுயிரை 'நோய்க்கடத்தி' என்கிறார்கள். கிருமிகளுள் சில தாய் உண்ணியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லக்கூடியவை; வேறு சிலவற்றால் அது இயலாது.

ஒரு சிற்றுயிர் இவ்வாறு நோயைக் கடத்தும் என்பதற்கான முதல் உறுதியான சான்றுகளுள் ஒன்று கிடைத்ததே உண்ணியிடமிருந்துதான் என்பதைப் பலரும் அறிவதில்லை. அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ஃபிரெடெரிக் கில்போர்னும், மாடுகளைக் கொன்ற டெக்சஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்பதை 1893இல் வெளியிட்டார்கள். மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உண்ணி பிறவியிலேயே நஞ்சுப்பை சுமந்து வருவதில்லை. தாயின் முட்டை வழியே வரும் சில கிருமிகளைத் தவிர்த்தால், அதற்கு முன் அது யாரிடம் உண்டது என்பதைப் பொறுத்தே அதனிடம் கிருமி இருக்கும் அல்லது இருக்காது. பெரும்பாலான உண்ணிக்கடிகளால் எந்த நோயும் வருவதில்லை.

## எவ்வாறு மேலே ஏறுகிறது

உண்ணிக்குச் சிறகு இல்லை, துள்ளவும் தெரியாது. மரத்திலிருந்து மனிதரைக் குறிவைத்துக் குதிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தலைமயிருக்குள் உண்ணியைக் கண்டவர் அது மேலிருந்து விழுந்ததாக எண்ணுவது இயல்பே. ஆனால் அது கணுக்கால் பக்கம் ஏறி, மெதுவாக ஊர்ந்து, மறைவான இடம் தேடித் தலைவரை வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

உண்ணி வேட்டையாடும் முறை பேருந்து நிறுத்தத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் போன்றது. புல்நுனியிலோ தாழ்ந்த செடியின் இலையிலோ ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால்களை அகல விரித்துக் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களின் நுனியருகே ஒரு நுண்ணிய உணர்வுக்குழி உண்டு. நாம் வெளிவிடும் கரிவளி, உடற்சூடு, வியர்வையின் மணம், காற்றின் ஈரம் ஆகிய அனைத்தையும் அது அக்குழியால் அறிந்துகொள்கிறது. உரசிக்கொண்டு போகும் காலோ துணியோ கிடைத்தால் பற்றிக்கொள்கிறது; கிடைக்காவிட்டால், உடல் வறண்டுவிடாமல் இருக்க, கீழே இறங்கி ஈரச் சருகுகளுக்குள் ஒளிந்து, மறுபடி ஏறி நிற்கிறது. விதிவிலக்கும் உண்டு: ஹையலோமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில உண்ணிகள் காத்திருப்பதில்லை, தரையில் ஓடியே இரையைத் துரத்துகின்றன.

நாய் உண்ணி எனப் பொதுவாக அழைக்கப்படும் பழுப்பு உண்ணி காட்டையோ புல்வெளியையோ சார்ந்திருக்கவே வேண்டியதில்லை. நாய் படுக்கும் இடத்துச் சுவர் விரிசல்களில் முட்டையிட்டு, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ அதற்கு முடியும்.

## தோலுக்குள் நடப்பது என்ன

கொசு குடிப்பதைக் குழாய் வழியே நீர் எடுப்பதற்கு ஒப்பிடலாம். மெல்லிய ஊசிக்குழலை நுழைத்து, இரத்தக் குழாயைத் தேடிப்பிடித்து, ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். உண்ணியின் வழி கிணறு தோண்டுவதைப் போன்றது. அதன் வாயில் வெட்டுவதற்கு இரண்டு நுண்கத்திகளும், அவற்றுக்கு நடுவே பின்னோக்கி வளைந்த பற்கள் நிறைந்த ஒரு தண்டும் உள்ளன. கத்திகள் தோலைக் கீறி வழி செய்ய, தண்டு உள்ளே இறங்குகிறது. அதன் பற்கள் தூண்டில் முள்ளைப் போன்றவை. நுழைவது எளிது, திரும்ப வருவது கடினம். அத்தோடு நில்லாமல், பல இனங்கள் எச்சிலோடு ஒருவகைப் பசையைச் சுரந்து, வாயைச் சுற்றித் தோலோடு இறுக ஒட்டிக்கொள்கின்றன. தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அறுபட்டு ஊறும் இரத்தமே சிறு கிணறாகி நிற்க, அதிலிருந்து அது நாள்கணக்கில் பருகுகிறது. முதிர்ந்த பெண் உண்ணி ஒரு வாரத்துக்கும் மேல் ஒட்டியிருக்கக்கூடும். முடிவில் அதன் எடை தொடக்கத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்காகிவிடும்.

ஒரு வாரம் ஒருவர் உடலில் ஒட்டியிருந்தும் அவருக்கே தெரியாமல் இருப்பது எப்படி என்று வியப்பு எழலாம். விடை உண்ணியின் எச்சிலில் இருக்கிறது. வலியையும் அரிப்பையும் மட்டுப்படுத்தும் பொருள்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்கள், இரத்தக்குழாயை விரியச் செய்யும் பொருள்கள், உடலின் எதிர்ப்பாற்றலை அந்த இடத்தில் மட்டும் மந்தமாக்கும் பொருள்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. திறமையான திருடன் முதலில் காவல் நாய்க்கு மயக்கமருந்து வைப்பதைப் போன்றது இது. இந்த எச்சிலை ஒரு முறை செலுத்திவிட்டு உண்ணி நிறுத்திக்கொள்வதும் இல்லை. குடிப்பதும் உமிழ்வதும் மாறி மாறி நடக்கின்றன. குடித்த இரத்தத்தில் மிகுதியாக உள்ள நீரையும் உப்பையும் பிரித்து, எச்சில் வழியாகவே அதே புண்ணுக்குள் திருப்பி அனுப்புகிறது. நோய்க்கிருமிக்கு இதைவிட வாய்ப்பான பாதை வேண்டியதில்லை. உள்ளே வருவதற்கு ஒரு வழியும் வெளியேறுவதற்கு ஒரு வழியும் திறந்தே கிடக்கின்றன.

சுருங்கச் சொன்னால்: உண்ணி தோலில் நங்கூரமிட்டு, வலி தெரியாமல் செய்து, நாள்கணக்கில் பருகியும் உமிழ்ந்தும் தங்கியிருக்கிறது. கிருமி பரவுவது அந்த உமிழ்நீர் வழியாகத்தான்.

## எத்தனை மணி நேரம் என்ற கேள்வி

இப்போது மையமான செய்திக்கு வருகிறோம். உண்ணிக்குள் இருக்கும் கிருமி எல்லாச் சமயத்திலும் எச்சிலில் தயாராக நிற்பதில்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதியாகக் காணப்படும் லைம் நோயை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இந்நோயை உண்டாக்கும் பொரேலியா என்னும் சுருள்வடிவ பாக்டீரியா, பசித்திருக்கும் உண்ணியின் குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு உறங்குவதைப் போல் கிடக்கிறது. புது இரத்தம் உள்ளே வந்து சூடு ஏறியதும், அது தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு குடற்சுவரிலிருந்து விடுபடுகிறது, பெருகுகிறது, குடலைக் கடந்து எச்சில் சுரப்பியை அடைகிறது. கரையில் கட்டியிருக்கும் படகை அவிழ்த்து, துடுப்பைப் பூட்டி, மறுகரை சேர்வதற்கு நேரம் பிடிப்பதைப் போல, இதற்கும் நேரம் பிடிக்கிறது. அமெரிக்க உண்ணிகளில் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கும் மேலாகும். அதற்குள் உண்ணியை அகற்றிவிட்டால் லைம் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த ஒரு செய்தியே வாய்வழியாகப் பரவி, 'ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால் எந்த ஆபத்தும் இல்லை' என்ற பொதுவிதியாக உருமாறிவிட்டது. அது தவறு. எல்லாக் கிருமிகளும் குடலில் உறங்குவதில்லை. புள்ளிக்காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா பாக்டீரியாவுக்குச் சில மணி நேரமே போதும். வைரஸ்களுள் சில முன்னதாகவே எச்சில் சுரப்பியில் குடியிருப்பவை. பொவாசன் வைரஸ் 15 நிமிடத்துக்குள் கடந்துவிடுவதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. மென் உண்ணிகளோ இரவில் தூங்குபவரிடம் சிறிது நேரம் மட்டுமே குடித்துவிட்டு ஒளிந்துகொள்பவை. அந்தக் குறுகிய நேரத்திலேயே மீள்காய்ச்சல் என்னும் நோயைத் தந்துவிடுகின்றன.

எனவே நேரத்தைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று சொல்ல வேண்டும். இந்த மணிவரை பாதுகாப்பு என்று கோடு கிழிக்க எவராலும் முடியாது.

## வரக்கூடிய நோய்கள்

உண்ணிகள் பரப்பும் நோய்கள் பல. ஆனால் அவை எங்கும் பொதுவானவை அல்ல. ஒவ்வொரு நோயும் அதைச் சுமக்கும் உண்ணி இனம் வாழும் நிலப்பகுதிக்குள் அடங்கியது. ஓர் இடத்தின் அறிவுரையை இன்னோர் இடத்துக்கு அப்படியே பொருத்துவதே இணையத்தில் காணப்படும் குழப்பங்களில் பாதிக்குக் காரணம் என்பது என் கருத்து.

லைம் நோய் தன் பெயரை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்னும் ஊரிலிருந்து பெற்றது. 1975 வாக்கில் அங்கே பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டுவீக்கம் கண்டபோதுதான் ஆய்வு தொடங்கியது. வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் கண்ட பாக்டீரியாவே காரணம் என்பது 1982இல் வெளியாயிற்று. கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள், கடித்த இடத்திலிருந்து மெல்ல விரியும் சிவந்த படை தோன்றுவது இதன் முதல் அடையாளம். நோயுற்றோரில் நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்கு இது காணப்படுகிறது. படங்களில் காட்டுவதைப் போல வளையத்துக்குள் வளையமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே சீரான சிவப்பாகவும் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பின்னாளில் முகத்தசை ஒருபுறம் செயலிழப்பது, இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைவது, முழங்கால் வீங்குவது ஆகியவை நேரலாம். ஆன்டிபயாடிக் மருந்தால் குணமாகும் நோய் இது.

புள்ளிக்காய்ச்சல் வகைகள் உலகின் பல பகுதிகளில், நம் தெற்காசியா உட்பட, காணப்படுகின்றன. காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி ஆகியவற்றோடு தொடங்கி, சில நாள்களில் உடலில் செம்புள்ளிகள் எழும். சில வகைகளில் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு இருக்கும். இவற்றுள் மிகக் கொடியது அமெரிக்காவின் ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல். அதை உண்ணியே பரப்புகிறது என்று 1906இல் காட்டிய ஹோவர்ட் ரிக்கெட்ஸ், 1910இல் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அந்நோய்க்கே பலியானார். ரிக்கெட்சியா என்ற பெயர் அவர் நினைவாக வந்தது. இக்காய்ச்சல்களில் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை முதல் சில நாள்களுக்குள் தொடங்குவதே உயிரைக் காப்பது. ஆகவே ஐயம் வலுவாக இருந்தால், மருத்துவர் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார். அதை அவசரம் என்று எண்ணி மறுக்கக் கூடாது.

வைரஸ் நோய்களின் நிலை வேறு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நேரடி மருந்து இல்லை. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் கூட்டமாக இறந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய், மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் இன்றும் காணப்படுகிறது. குரங்குக் காய்ச்சல் என்பது அதன் மக்கள் வழக்குப் பெயர். நோயுற்றோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் உண்ணிவழி மூளையழற்சி உண்டு. அதற்குத் தடுப்பூசி இருப்பது நல்ல செய்தி. கிரிமியன்–காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் மிகவும் ஆபத்தானது. அதில் இறப்பு நூற்றுக்கு 40 வரை போகலாம். இது உண்ணி கடிப்பதால் மட்டுமே வருவதும் அன்று. உண்ணியை விரலால் நசுக்குவதாலும், நோயுற்ற விலங்கின் அல்லது மனிதரின் இரத்தத்தைத் தொடுவதாலும் தொற்றும். மாட்டு உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இவற்றைத் தவிர, மலேரியாவைப் போலவே சிவப்பணுக்களுக்குள் புகும் பபேசியா என்னும் ஒட்டுண்ணியும், வெள்ளையணுக்களைத் தாக்கும் வேறு சில பாக்டீரியாக்களும் உள்ளன. தொடக்கநிலை வாசகருக்கு அவற்றின் பெயர்களை விட, இவை எல்லாமே முதலில் சாதாரணக் காய்ச்சலைப் போலத்தான் தோன்றும் என்பதை அறிவதே பயன்படும்.

## கிருமியே இல்லாமலும் வரும் இரண்டு கேடுகள்

உண்ணியின் எச்சில் மட்டுமே காரணமாகி வரும் கேடுகளும் உண்டு. முதலாவது உண்ணி வாதம். சில இனங்களின் பெண் உண்ணி சில நாள்கள் ஒட்டியிருக்கும்போது, அதன் எச்சிலில் உள்ள நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. கால்கள் தள்ளாடத் தொடங்கி, தளர்ச்சி படிப்படியாக மேலேறி, மூச்சுத் தசைகளையும் எட்டிவிடலாம். குழந்தைகளுக்கே இது மிகுதியாக நேர்கிறது. உண்ணி பெரும்பாலும் தலைமயிருக்குள் மறைந்திருக்கும். வட அமெரிக்க வகைகளில் உண்ணியை எடுத்ததும் ஒரு நாளைக்குள் நலம் திரும்பிவிடுவது வழக்கம். ஆஸ்திரேலிய வகையில் எடுத்த பின்னும் சிறிது நேரம் நிலை மோசமாகலாம் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவைப்படும்.

இரண்டாவது இறைச்சி ஒவ்வாமை. பாலூட்டிகளின் உடலில் ஆல்ஃபா–கால் என்னும் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. மனிதரிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அது இல்லை. சில உண்ணிகளின் எச்சில் வழியாக அது தோலுக்குள் நுழையும்போது, உடல் அதைப் பகையாகப் பதிவுசெய்துகொள்கிறது. அதன்பின் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ உண்டால், உடனே அல்லாமல், 2 முதல் 6 மணி நேரம் கழித்துத் தடிப்பும் வயிற்றுவலியும் சிலருக்கு மூச்சுத்திணறலும் வருகின்றன. இந்தத் தாமதத்தால், உணவையே எவரும் ஐயுறுவதில்லை. உண்ணியையோ கேட்கவே வேண்டாம்.

## ஏறாமல் பார்த்துக்கொள்ளுதல்

புதரும் உயர்ந்த புல்லும் உள்ள இடத்துக்குச் செல்லும்போது முழுநீளக் காற்சட்டை அணிந்து அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், உண்ணியின் பாதையையே அடைத்துவிடுகிறது. வெளிர்நிற உடையில் ஊரும் உண்ணி கண்ணில் படும். டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சி விரட்டியைத் தோலில் பூசலாம். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியை உடைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தோலுக்கு ஆகாது. திரும்பியதும் குளித்துவிட்டு, அக்குள், காதின் பின்புறம், தலைமயிர், தொப்புள், இடுப்புப்பட்டி படும் இடம், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றை நேரமெடுத்துப் பார்க்க வேண்டும். இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தப்புவது விரலின் தடவலில் சிக்கலாம். துணியைத் தண்ணீரில் அலசினால் மட்டும் உண்ணி சாகாது; அதைக் கொல்வது வெப்பமும் வறட்சியும்தான். உடைகளை உலர்த்தும் எந்திரத்தின் கடும் சூட்டில் சிறிது நேரம் வைப்பது போதுமானது.

## எடுக்கும் முறையும் எடுக்கக் கூடாத முறைகளும்

மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது, நகச்சாயம் பூசுவது, வாசலின் தடவி மூச்சுமுட்ட வைப்பது ஆகியவை பரவலாகச் சொல்லப்படும் வழிகள். உண்ணி தானே வாயை விட்டுவிடும் என்பது இவற்றின் பின்னுள்ள எண்ணம். பசையும் முள்ளும் கொண்டு ஒட்டியிருப்பதை மேலே பார்த்தோம். அதனால் அவ்வளவு விரைவாக விடுபட முடியாது. உண்ணி மிகக் குறைவாகவே மூச்சுவிடும் உயிரி. வாசலினுக்கடியில் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், அதுவரை உமிழ்ந்துகொண்டும் இருக்கும். சுடுவதால் உண்ணி விடுபடுகிறதோ இல்லையோ, தோல் புண்ணாகும்.

ட்வீசர் எனப்படும் கூர்முனை இடுக்கியே போதும். உண்ணியின் உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி, வாய் நுழைந்திருக்கும் இடத்தைப் பிடித்து, சீரான விசையில் நேர்மேலாக இழுக்க வேண்டும். முறுக்கவோ வெடுக்கென்று பிய்க்கவோ வேண்டியதில்லை. சில நொடிகள் தோல் கூடாரம் போல் உயர்ந்து நிற்கும். பிறகு உண்ணி விடுபடும். கடித்த இடத்தையும் கைகளையும் சோப்பால் கழுவி, கிருமிநாசினி தடவலாம். உண்ணியை விரலால் நசுக்காமல், ஆல்கஹாலில் போட்டோ ஒட்டுநாடாவில் இறுக மூடியோ அப்புறப்படுத்த வேண்டும். இடுக்கி இல்லையென்றால், அதைத் தேடிப் பாதி நாளைக் கழிப்பதைவிட, துணியோ மெல்லிய காகிதமோ சுற்றிய விரலால் எடுத்துவிடுவது மேல்.

'தலை உள்ளேயே தங்கிவிட்டது' என்று பலர் பதறுவார்கள். தங்குவது தலையன்று, வாய்த்தண்டின் முறிந்த துண்டு மட்டுமே. அதிலிருந்து உண்ணி மறுபடி முளைக்காது. எளிதில் வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் தோண்டிப் புண்ணாக்காமல் விட்டுவிடலாம், சிறு முள்ளைத் தள்ளுவதைப் போலத் தோலே அதை வெளியே தள்ளிவிடும்.

## எடுத்த பிறகு எதைக் கவனிப்பது

கடித்த இடத்தில் ஓரிரு நாள்களுக்குள் சிறு சிவப்பும் தடிப்பும் தோன்றி மறைவது எச்சிலுக்கு எதிரான தோலின் எதிர்வினை. அது தொற்று அன்று. மாறாக, நாள்கள் சென்றபின் தோன்றி, 5 சென்டிமீட்டருக்கும் மேல் விரியும் சிவப்பைக் கவனிக்க வேண்டும். கிருமி உடலுக்குள் நுழைந்ததற்கும் முதல் அறிகுறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட நாள்களை நோயரும்பு காலம் என்பார்கள். உண்ணிவழி நோய்களில் அது ஓரிரு நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம்வரை வேறுபடுவதால், கடித்த நாளை நாட்காட்டியில் குறித்து 30 நாள்கள் உடலைக் கவனித்து வருவது பொருத்தமானது. அதற்குள் காய்ச்சல், கடும் தலைவலி, செம்புள்ளிகள், கரும்பொருக்கு, முகக் கோணல், கால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது வந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கடித்த மறுநாளே இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதில் பயனில்லை. வழக்கமான பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகின்றன. அது இரத்தத்தில் தென்படுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதற்கு முன் வரும் 'நோய் இல்லை' என்ற முடிவு, நோய் இல்லாததையும் குறிக்கலாம், உடல் இன்னும் விழித்துக்கொள்ளாததையும் குறிக்கலாம். காய்ச்சலில்லாத எல்லாருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதும் வழக்கமன்று. லைம் நோய் மிகுந்த பகுதியில், அதைக் கடத்தும் இன உண்ணி நீண்ட நேரம் ஒட்டியிருந்து, எடுத்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அடைந்தவர்க்கு மட்டும் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் தரப்படுவதுண்டு.

காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் உண்ணியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் வலிக்காமல் ஒட்டியிருந்த ஒன்று இன்றைய காய்ச்சலோடு தொடர்புடையதாகத் தோன்றுவதே இல்லை. உண்ணி ஒட்டியிருந்ததா, எந்த ஊரில், எந்த நாளில், எடுக்கும்போது தட்டையாக இருந்ததா இரத்தத்தால் உப்பியிருந்ததா என்ற இவ்வளவையும், மருத்துவர் கேட்காவிட்டாலும், நாமே சொல்லிவிட வேண்டும். தட்டையான உண்ணி அண்மையில் ஏறியது. உப்பியது நாள்கணக்கில் தங்கியது. எடுத்த உண்ணியின் ஒரு புகைப்படம் கைபேசியில் இருந்தால், அதன் இனத்தை அடையாளம் காணவும் அது உதவும்.